படிச்சியா, ஓட்டினியா?

பக்கத்து மேசையில் உட்காரும் பெண் ஏதோ ஒரு பழைய பெர்ல் நிரலைத் தன் கணினியில் நிறுவிக்கொண்டிருந்தாள். கறுப்புத் திரையில் வரிகள் மேலே ஓடின. நடுவில் ஒரு வரி: 'செக்கிங் இஃப் யுவர் கிட் இஸ் கம்ப்ளீட்'. அதற்கடுத்து, 'லுக்ஸ் குட்'. அவள் அதைக் கவனிக்கவில்லை. காபி டம்ளரோடு கடந்துபோன நான்தான் நின்றுவிட்டேன். அந்த இரண்டு வரியைத் தினம் தினம் பார்த்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அதைப் பார்த்தால்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கும்.

விஷயம் எளிமையானது. பெர்ல் மொழியில் எழுதிய மென்பொருளை மூட்டை கட்டி அனுப்பும்போது அதற்குள் மேனிஃபெஸ்ட் என்று ஒரு கோப்பு இருக்கும். மூட்டைக்குள் என்னென்ன கோப்புகள் இருக்க வேண்டும் என்ற பட்டியல் அது. வரிக்கு ஒரு பெயர். பிரிப்பவர் வீட்டில், நிறுவும் வேலை தொடங்குவதற்கு முன்பே, பெர்ல் அந்தப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக இருக்கிறதா என்று பார்க்கும். எல்லாம் இருந்தால் 'லுக்ஸ் குட்'. ஏதாவது குறைந்தால் குறைந்தவற்றின் பெயரைச் சொல்லி, எழுதியவருக்குத் தெரியப்படுத்தும்படி கேட்டுக்கொள்ளும்.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த இடம் மேற்கு மாம்பலத்தில், ஒரு வாடகைப் பாத்திரக் கடைக்கு மேலே இருந்த இரண்டு அறை. ஜவுளிக்கடைகளுக்கும் நூலகங்களுக்கும் லினக்ஸில் ஓடும் பில்லிங் மென்பொருள் செய்து விற்றார்கள். பத்திரிகையோடு இலவசமாக வரும் சிடியில் இருந்து லினக்ஸை ஏற்றிக்கொண்ட காலம். மோடம் கிர்ரென்று கத்தி இணைப்புப் பிடிப்பதற்குள் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிடலாம். வாடிக்கையாளருக்கு இணையத்தில் அனுப்புவது என்ற பேச்சே கிடையாது. சிடியில் எழுதி, ஸ்பாஞ்ச் வைத்த கவரில் போட்டு, சாயங்கால கூரியருக்குக் கொடுக்க வேண்டும். மதுரைக்கு மறுநாள் போகும். காரைக்குடிக்கு இன்னும் ஒரு நாள் ஆகும்.

ஆகவே ஒரு கோப்பு விட்டுப்போனால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் சேர்வதற்கு முந்தைய வருஷம் அப்படி ஒன்று நடந்ததாம். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு ஜவுளிக்கடைக்குப் புதுப் பதிப்பு போயிருக்கிறது. எல்லாம் சரியாக ஏறியது. பில் அடிக்கும் வார்ப்புக் கோப்பு மட்டும் சிடியில் இல்லை. கடையில் கூட்டம் நெரிகிறது, திரையில் தொகை தெரிகிறது, காகிதத்தில் ஒன்றும் வரவில்லை. எழுதியவரின் கணினியில் அந்தக் கோப்பு இருந்தது, அங்கே எல்லாச் சோதனையும் தேறியது. பட்டியலில் சேர்க்காததால் மூட்டைக்குள் ஏறவில்லை. எங்கள் முதலாளியை சார் என்றுதான் கூப்பிடுவோம்; அவர் ஒரு ஃபிளாப்பியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் போய் இறங்கியிருக்கிறார். கடைக்காரர் கோபப்படவில்லையாம். இட்லி வாங்கிக் கொடுத்து, "இனிமே எண்ணிப் பாத்துக் கட்டுங்க தம்பி" என்று மட்டும் சொன்னாராம். அந்த ஒரு சொல்லை சார் எங்கள் அலுவலகத்தின் சட்டமாக்கிவிட்டார்.

சிடி எழுதும் நாளில் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் சடங்கு தொடங்கும். முதலில் 'மேக் மேனிஃபெஸ்ட்' என்ற கட்டளை. கோப்புறைக்குள் இருக்கும் எல்லாவற்றையும் அது துழாவும். புதிதாக ஏதாவது கண்டால் 'ஆடெட் டு மேனிஃபெஸ்ட்' என்று பெயரோடு சொல்லும். பட்டியலில் இருந்து கோப்புறையில் இல்லாமல் போனதை 'ரிமூவ்ட்' என்று சொல்லும். பழைய பட்டியலை பாக் என்ற பின்னொட்டோடு பத்திரமாக ஒதுக்கி வைக்கும். கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் நாம் எழுதி வைத்த குறிப்புகளை அழிக்காமல் புதுப் பட்டியலிலும் கொண்டுவந்து சேர்க்கும். அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடிக்கும். என்ன சேர்க்கக் கூடாது என்பதற்குத் தனியாக ஒரு கோப்பு, மேனிஃபெஸ்ட் டாட் ஸ்கிப். எடிட்டர் விட்டுச்செல்லும் நகல்கள், வால் சுழித்த குறியோடு முடிகிறவை, சிவிஎஸ் கோப்புறைகள் எல்லாவற்றையும் அதில் எழுதி வைத்தால் கட்டளை தொடாது.

அதற்கு அப்புறம்தான் எங்கள் வேலை. பட்டியலை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடிப்போம். இரண்டு ஓரமும் துளை போட்ட நீளக் காகிதம், மடிப்பு மடிப்பாக மேசைக்கு அடியில் இறங்கும். ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும், இன்னொருவர் சிவப்புப் பேனாவால் டிக் போட வேண்டும். படிக்கிறவர் கோப்பை எழுதியவராக இருக்கக் கூடாது. ஒவ்வொரு பெயருக்கும் டிக் போடுகிறவர் மனசுக்குள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: இது ஏன் போகிறது? பதில் தெரியாவிட்டால் பேனா நிற்க வேண்டும். நூற்றைம்பது, இருநூறு வரி இருக்கும். முடித்துவிட்டு எழுந்தால் சார் கண்ணாடிக்கு மேல் வழியாகப் பார்ப்பார்.

"என்னம்மா, படிச்சியா, ஓட்டினியா?"

ஓட்டினால் அவருக்குத் தெரிந்துவிடும். முகத்திலேயே தெரியும் என்பார். எனக்குத் தோன்றுவது வேறு: படித்தவர்களுக்கு எப்போதும் ஒரு சந்தேகமாவது இருக்கும். சந்தேகமே இல்லாமல் எழுந்தவர் ஓட்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

ஒருநாள் நான் படித்துக்கொண்டிருந்தேன். டிக் போட்டது எனக்கு ஒரு வருஷம் மூத்தவர்; அண்ணா என்று கூப்பிடுவேன். சோதனைக் கோப்புகள் இருக்கும் 'டி' கோப்புறைக்கு வந்தேன். அங்கே வந்ததும் குரல் தானாக வேகம் பிடிக்கும், எல்லாப் பெயரும் ஒரே சாயலில் இருப்பதால். 'டி ஸ்லாஷ் ரசீது', 'டி ஸ்லாஷ் வரி', 'டி ஸ்லாஷ் பாக்கி'. பேனா நின்றது.

"பாக்கியா? யாரோட பாக்கி?"

திறந்து பார்த்தோம். சோதனைக்காக யாரோ ஒரு கடையின் உண்மையான நிலுவைக் கணக்கையே எடுத்துப் போட்டிருந்தார்கள். ஊர், பெயர், யார் எவ்வளவு தர வேண்டும், எத்தனை மாதமாகத் தரவில்லை, எல்லாம். அன்றைக்கு சிடி போகவிருந்தது அதே ஊரில் இரண்டு தெரு தள்ளியிருந்த போட்டிக் கடைக்கு. மென்பொருளைப் பொறுத்தவரை அந்தக் கோப்பில் எந்தக் குற்றமும் இல்லை. சோதனைகள் பச்சையாகத்தான் தேறின. கட்டளையும் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது: கோப்புறையில் இருந்தது, எழுதிக்கொண்டது. பாக்கி என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் மானம் இருக்கிறது என்று அதற்குத் தெரிய வழியில்லை. அண்ணா அந்த வரியைச் சிவப்பால் அடித்துவிட்டு ஸ்கிப் கோப்பைத் திறந்தார். சார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மற்ற சோதனைத் தரவுகளையும் எங்களோடு உட்கார்ந்து பார்த்தார். கூரியர்க்காரர் வந்து காத்திருந்து, போய்விட்டு மறுநாள் வந்தார்.

கீழே பாத்திரக் கடையில் நடப்பதை மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். கல்யாண வீட்டுக்கு அண்டா, குண்டா, ஜல்லிக்கரண்டி, தவலை என்று அனுப்பும்போது கடைக்காரர் ஒரு சீட்டு எழுதி மூலப்படியைத் தன்னிடம் வைத்துக்கொள்வார். திரும்பி வரும்போது அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் இறக்குவார். வந்த பாத்திரத்தை எண்ணிப் புதிதாக ஒரு சீட்டு எழுதிக்கொண்டால் கணக்கு என்றைக்கும் சரியாகவே இருக்கும், அண்டா மட்டும் குறைந்துகொண்டே போகும். பட்டியலை உருவாக்கும் கட்டளைகள் எல்லாவற்றுக்கும் இருக்கும் ஆபத்து இதுதான். தட்டில் இருப்பதைப் பார்த்து அவை எழுதும். இருந்திருக்க வேண்டியது எது என்பதைச் சொல்ல, முன்னால் எழுதிய சீட்டு ஒன்று வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு ஆள் வேண்டும்.

பட்டியல் வைத்துச் சரிபார்க்கும் இந்தப் பழக்கம் எங்கள் சார் கண்டுபிடித்தது இல்லை. லாரி வால் பெர்லின் முதல் பதிப்பை 1987 டிசம்பரில் வெளியிட்டபோது யூஸ்நெட்டில் துண்டு துண்டாகத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. அந்தப் பதிப்போடு வந்த மேனிஃபெஸ்ட்டை சார் எங்களுக்குத் திரையில் காட்டினார். எல்லாத் துண்டுகளையும் ஓட்டி முடித்த பிறகு கீழ்க்கண்ட கோப்புகள் உங்களிடம் இருக்க வேண்டும் என்று தொடங்கி, கோப்பின் பெயர், அது எந்தத் துண்டில் வருகிறது, அது எதற்கு என்று மூன்று பத்திகள். மூன்றாவது பத்திதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பெயர் மட்டும் எழுதியிருந்தால் போதும். ஒவ்வொன்றும் எதற்கு என்று ஒரு ஆள் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். பிற்காலத்துப் பட்டியல்களில் அந்தப் பத்தி பெரும்பாலும் காணாமல் போய்விட்டது. அதற்குப் பதிலாக, கோப்பின் உள்ளடக்கத்தில் இருந்து கணக்கிட்ட நீளம் நீளமான ஹேஷ் எண்கள் வந்திருக்கின்றன. அவையும் வேண்டியவைதான். ஆனால் 'எதற்கு' என்ற பத்தி போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

மாம்பலத்தில் இருந்து கிண்டிப் பக்கம் வேறு வேலைக்கு மாறினேன். அங்கே பெர்ல் குறைவு, ரெட் ஹேட் லினக்ஸுக்கான ஆர்பிஎம் பேக்கேஜ்கள் அதிகம். ஆர்பிஎம்மில் ஸ்பெக் என்ற ஒரு கோப்பு; அதற்குள் 'ஃபைல்ஸ்' என்ற பகுதி; அதில் எழுதியது மட்டுமே பேக்கேஜுக்குள் ஏறும். பல வருஷமாக, விட்டுப்போனதைப் பற்றி அந்தப் பகுதி கேள்வி கேட்காமல் இருந்தது. மென்பொருள் ஐம்பது கோப்பை உருவாக்கி, நீங்கள் நாற்பத்தெட்டை எழுதியிருந்தால் நாற்பத்தெட்டோடு பேக்கேஜ் முடிந்துவிடும், சத்தமே இருக்காது. 2002-இல் ரெட் ஹேட் 8.0-உடன் வந்த ஆர்பிஎம் 4.1 அந்த நிலையை மாற்றியது. உருவாகி, பட்டியலில் இடம்பெறாத கோப்பு ஒன்று இருந்தாலும் பிழை என்று சொல்லி வேலையை நிறுத்தியது.

அந்த வாரம் அலுவலகம் ரணகளமாக இருந்தது. நேற்று வரை ஒழுங்காகக் கட்டிய பேக்கேஜ்கள் ஒன்றுகூடக் கட்டப்படவில்லை. அந்தச் சோதனையை ஒரே வரியில் அணைத்துவிடலாம் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். பாதிப் பேர் அணைத்தார்கள். இன்னும் சிலர் பட்டியலில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, இருப்பது எல்லாம் வரட்டும் என்று விட்டார்கள். நானும் இன்னொரு அக்காவும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். மேன் பக்கங்கள் விட்டுப்போயிருந்தன. மாதிரி அமைப்புக் கோப்புகள் விட்டுப்போயிருந்தன. ஒரு பேக்கேஜில், வாடிக்கையாளர் இரண்டு வருஷமாக வேலை செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு கருவி உண்மையில் பேக்கேஜுக்குள் போகவே இல்லை. தொலைபேசியில் அவரிடம் மறுபடி நிறுவிப் பாருங்கள் என்றே எங்கள் ஆட்கள் பதில் சொல்லிவந்திருக்கிறார்கள்.

அந்த நாட்களில் நடந்த இன்னொன்றுதான் என் மனசில் ஆழமாக இருக்கிறது. எங்கள் நண்பர் கூட்டத்தில் சிலர் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்கிக்கொண்டிருந்தார்கள். டிஸ்கி எழுத்துருக்களில் இருந்து யூனிகோடுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். திரையில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாக நிற்கும். பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். பகலில் வகுப்பு, ராத்திரி பத்து மணிக்கு மேல் மொழிபெயர்ப்பு. ஒரு மென்பொருளின் சரங்கள் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் உட்கார்ந்து முடித்தார். 'அன்டூ' என்பதற்கு என்ன போடலாம் என்று என்னோடு ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். கோப்பை அனுப்பினார், அதை மூல நிரலுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த பதிப்பு வந்ததும் பள்ளிக் கணினியில் நிறுவிவிட்டு, மாணவர்களை நிற்கவைத்துத் திறந்து காட்டினார். மெனு முழுக்க ஆங்கிலம்.

தன் எழுத்துரு சரியில்லை என்று நினைத்தார். பிறகு கணினி சரியில்லை என்று நினைத்தார். எனக்கு எழுதிக் கேட்டபோது நான் மூலத்தை இறக்கிப் பார்த்தேன். அவருடைய கோப்பு 'பிஓ' கோப்புறையில் பத்திரமாக இருந்தது. ஆனால் அந்தக் காலத்து முறைப்படி, எந்தெந்த மொழிகளைக் கட்ட வேண்டும் என்ற பட்டியல் 'கன்ஃபிகர்' கோப்பில் தனியாக ஒரே வரியில் இருக்கும். 'ஆல் லிங்வாஸ்' என்று அதற்குப் பெயர். மொழிக்கு இரண்டு எழுத்து. தமிழுக்கு டி, ஏ. ஸ்வீடிஷுக்கும் துருக்கிக்கும் நடுவில் அந்த இரண்டு எழுத்து இருக்க வேண்டும். இல்லை. அதை யாரும் வேண்டுமென்று நீக்கவில்லை. யாரும் சேர்க்கவில்லை, அவ்வளவுதான். பட்டியலில் பெயர் இல்லாததால் கட்டும் கருவி அந்தக் கோப்பைத் திரும்பியும் பார்க்கவில்லை.

ஒரு ஆளின் மாதக்கணக்கான ராத்திரிகள் இரண்டு எழுத்தில் நின்றுபோனதை அன்று பார்த்தேன். பேக்கேஜ் பட்டியல் என்பது கணினிக்காரர்களின் உள்விவகாரம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த வகுப்பறைதான் நினைவுக்கு வரும். திருத்தம் அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். அவர் அடுத்த பதிப்புக்குக் காத்திருந்து, அடுத்த வருஷத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினார். பிற்பாடு அந்தப் பட்டியலை 'லிங்வாஸ்' என்ற தனிக் கோப்பாக மொழிபெயர்ப்புக் கோப்புறைக்குள்ளேயே வைக்கும் வழக்கம் வந்தது. மொழிபெயர்ப்பாளரே தன் மொழியின் பெயரைத் தானே சேர்க்கலாம். ஆர்பிஎம்மிலும் 'ஃபைண்ட் லாங்' என்ற உதவி உண்டு. மொழிக் கோப்புகளை அதுவே தேடி, எது எந்த மொழிக்கு என்று குறித்துப் பட்டியலில் சேர்க்கும். இவை நல்ல மாற்றங்கள். தானாகச் செய்ய வேண்டிய இடம் எது என்று தெரிந்து செய்தவை.

தானாகச் செய்வதற்கு நான் விரோதி என்று இளைய நண்பர்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் போர்ட்ஸ் தொகுப்பில் சில மென்பொருள்களைப் பல வருஷம் பராமரித்திருக்கிறேன். அங்கே பட்டியலுக்கு 'பிகேஜி பிலிஸ்ட்' என்று பெயர். மென்பொருளின் புதுப் பதிப்பு வந்ததும் 'மேக் மேக்பிலிஸ்ட்' என்று தட்டினால், தற்காலிக இடத்தில் நிறுவிப் பார்த்து, விழுந்த கோப்புகளின் பட்டியலை அதுவே உருவாக்கித் தரும். நூற்றுக்கணக்கான வரியைக் கையால் எழுத யாரால் முடியும்? ஆனால் அந்தப் பட்டியலின் முதல் வரியில் ஒரு கோப்பின் பாதை இருக்கும். சாய்கோடு போட்டு, சொல்லுக்குச் சொல் கோப்புறை மாதிரிப் பிரித்து எழுதியிருக்கும்: 'யூ, ஹேவ், டு, செக், வாட், மேக்பிலிஸ்ட், கிவ்ஸ், யூ'. மேக்பிலிஸ்ட் தருவதை நீதான் சரிபார்க்க வேண்டும். அப்படி ஒரு கோப்பு எந்தக் கணினியிலும் கிடையாது. ஆகவே அந்த வரியைக் கையால் நீக்காமல் பட்டியலை அப்படியே ஒட்டினால் பேக்கேஜ் கட்டும்போது சிக்கும். அந்தக் கருவியைச் செய்தவர்களை நான் சந்தித்ததில்லை. முதல் தடவை அந்த வரியைப் பார்த்தபோது எங்கள் சாரின் குரல் கேட்டது.

சரிபார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் நூலகக் கோப்புகளைச் சொல்வேன். 'எஸ்ஓ' என்று முடியும் பெயருக்குப் பின்னால் ஒரு எண் இருக்கும். நேற்று 1 என்று இருந்தது இன்று 2 என்று மாறியிருந்தால், அந்த நூலகத்தைக் கேட்டு நிற்கும் மற்ற மென்பொருள்கள் எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும் என்று பொருள். பழைய பட்டியலையும் புதியதையும் பக்கத்தில் வைத்தால் அந்த மாற்றம் ஒரு வரிக் கழித்தல், ஒரு வரிக் கூட்டலாகத் தெரியும். எண்ணுக்குப் பதிலாக நட்சத்திரக் குறி போட்டிருந்தால் எதுவும் மாறாத மாதிரியே இருக்கும். பேக்கேஜ் அழகாகக் கட்டப்படும். ஊரில் வேறு பத்து மென்பொருள் திறக்காது. ஃபெடோரா லினக்ஸின் விதிமுறை இந்த எண்ணை நட்சத்திரத்தால் மறைக்காதீர்கள் என்று தனியாகவே சொல்கிறது. அனுபவப்பட்டவர்கள் எழுதிய விதி.

ஜென்டூ லினக்ஸ் பக்கமும் சில காலம் இருந்தேன். அங்கே மேனிஃபெஸ்ட் என்றால் பெயரோடு கோப்பின் அளவும் ஹேஷ் எண்ணும் சேர்ந்தது. முதலில் எம்டி5 என்ற ஹேஷ் முறை இருந்தது. 2004-இல் சீனக் கணித அறிஞர் வாங் சியாவ்யுன் குழுவினர், ஒரே எம்டி5 தரும் இரண்டு வெவ்வேறு தரவுகளை உருவாக்கிக் காட்டினார்கள். எஸ்எச்ஏ-1க்கு அதே கதி 2017-இல் வந்தது. ஜென்டூ இப்போது பிளேக்2பி, எஸ்எச்ஏ512 இரண்டையும் வைத்திருக்கிறது. எண்கள் பலமாகிக்கொண்டே வந்தன. பழக்கம் பலமாகவில்லை. இறக்கிய கோப்பின் ஹேஷ் பட்டியலோடு ஒத்துப்போகவில்லை என்று கருவி நின்றால், பலர் செய்தது பட்டியலை மறுபடி உருவாக்கும் கட்டளையைத் தட்டியதுதான். அந்தக் கணமே எல்லாம் ஒத்துப்போய்விடும். பெரும்பாலும் காரணம் அற்பமாக இருக்கும்: மென்பொருள் எழுதியவர் பெயரை மாற்றாமல் உள்ளே ஒரு திருத்தம் செய்து மறுபடி ஏற்றியிருப்பார். அதனால்தான் அந்தக் கட்டளை கைப்பழக்கமாகிவிட்டது. உருவாக்கும் கட்டளையும் சரிபார்க்கும் கட்டளையும் ஒரே கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது நல்லதல்ல என்று எனக்கு அன்றிலிருந்து ஒரு எண்ணம்.

2024 மார்ச் கடைசியில் எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளின் விவகாரம் வெளியே வந்தபோது நான் இரவெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் நிரலாளர், எஸ்எஸ்எச் நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கண்டு, விடாமல் தோண்டி, அந்தச் சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு இருப்பதைக் கண்டுபிடித்தார். அதை எப்படி ஒளித்திருந்தார்கள் என்பதுதான் என்னை உலுக்கியது. கிட் என்ற பதிப்புக் களஞ்சியத்தில் எல்லோரும் பார்க்கும் மூலத்தில் அதைத் தூண்டிவிடும் வரி இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய மூட்டையில் மட்டும், 'பில்ட் டு ஹோஸ்ட்' என்ற ஒரு எம்4 கோப்பில் அது இருந்தது. மூட்டையின் பட்டியலையும் கிட்டின் பட்டியலையும் ஒப்பிட்டால் அந்தக் கோப்பு கூடுதலாகத் தெரியும். ஆனால் அந்த வகை மூட்டைகளில் கருவிகள் உருவாக்கும் கோப்புகள் எப்போதும் நிறையக் கூடுதலாகவே இருக்கும். வித்தியாசம் இருப்பதுதான் வழக்கம். வழக்கமான வித்தியாசங்களுக்கு நடுவில் ஒரு வரியைச் செருகினால் யார் பார்ப்பார்கள் என்று செருகியவருக்குத் தெரிந்திருந்தது. தீங்கான பகுதி எங்கே இருந்தது? சோதனைக் கோப்புகளுக்குள், கெட்டுப்போன மாதிரித் தரவு என்ற பெயரில். படிக்கும்போது குரல் தானாக வேகம் பிடிக்கும் அதே கோப்புறையில்.

இப்போது பட்டியலுக்கு எஸ்பாம் என்று ஒரு பெயர் வந்திருக்கிறது. ஒரு மென்பொருளுக்குள் எந்தெந்த உறுப்புகள், எந்தப் பதிப்பு, யாருடையது என்று எல்லாவற்றையும் சொல்லும் பட்டியல். 2021-இல் அமெரிக்க அதிபரின் ஆணையில் இடம்பெற்றது; 2024-இல் நம் ஊர் செர்ட்-இன் அமைப்பும் அதற்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. வாடிக்கையாளர்கள் ஒப்பந்தத்திலேயே கேட்கிறார்கள். நல்ல காலம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எங்கள் அலுவலகத்தில் அது உருவாகும் விதத்தைப் பார்த்தபோது மனசு கேட்கவில்லை. ஒவ்வொரு முறை கட்டும்போதும் கருவி புதிதாக ஒரு பட்டியல் எழுதும், அது ஒரு கோப்புறையில் போய் விழும், கேட்டவருக்கு அனுப்பப்படும். முந்தைய பட்டியலோடு யாரும் ஒப்பிடுவதில்லை. கீழ்க்கடை அண்டா கதைதான்.

பக்கத்து மேசைப் பெண்ணிடம் அன்றைக்கு இதைப் பேசினேன்.

"அக்கா, நாலாயிரம் வரி வருது. யார் படிப்பா?" என்றாள். நியாயமான கேள்வி.

நாலாயிரத்தையும் படிக்க வேண்டாம், மாறியதைப் படிப்போம் என்றேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தோம். ஒப்புக்கொண்ட பட்டியல் கிட்டிலேயே இருக்கும். கட்டும்போது புதுப் பட்டியல் உருவாகி அதோடு ஒப்பிடப்படும். ஒரு வரி கூடினாலும் குறைந்தாலும் வேலை நிற்கும். பட்டியலைப் புதுப்பிப்பது தனிக் கட்டளை, தனிக் கமிட். அந்தக் கமிட்டில் ஒவ்வொரு வரிக்கும் 'எதற்கு' என்று ஒரு காரணம் எழுத வேண்டும். அதை ஒப்புக்கொள்கிறவர் எழுதியவராக இருக்கக் கூடாது. அணியில் சிலருக்கு எரிச்சல். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை நிற்கிறது என்றார்கள். பெரும்பாலான நாட்களில் மாறுவது நாலைந்து வரி. டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம்.

போன வாரம் அவளே என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, ஷேர் ஃபோல்டர்ல ஒரு தமிழ் ஃபான்ட் புதுப் பதிப்பு வந்திருக்கு. ஃபான்ட் ஃபைல் மாறியிருக்கு, சரி. ஆனா கூடவே இருந்த லைசென்ஸ் ஃபைல் லிஸ்ட்ல இருந்து போயிடுச்சு. இது வேணும்தானே?"

வேண்டும். எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியானது அது. ஒவ்வொரு நகலோடும் காப்புரிமைக் குறிப்பும் உரிமமும் சேர்ந்தே போக வேண்டும் என்பது அதன் நிபந்தனை. எழுத்துருவை உருவாக்கியவர் இலவசமாகக் கொடுத்துவிட்டுக் கேட்ட ஒன்றிரண்டில் அதுவும் ஒன்று. கருவியைக் கேட்டால் எல்லாம் சரி என்றது. நிரல் ஓடியது, திரையில் எழுத்தும் தெரிந்தது. அவள் அந்த மாற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. புதுப் பதிப்பின் மூட்டையை இறக்கிப் பார்த்தாள். அங்கேயே உரிமக் கோப்பு இல்லை. எழுத்துருவை வெளியிட்டவர்களுக்கு விட்டுப்போன கோப்பின் பெயரைச் சொல்லி மரியாதையாக ஒரு கடிதம் எழுதினாள், அனுப்பும் முன் என்னிடம் காட்டினாள். இன்னும் பதில் வரவில்லை. வரும்வரை பழைய பதிப்பைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.